முதல் முறை மான் வேட்டைக்குப் போகிறேன், கறி நாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

நெல்லைக்காரன் (க்யூர்பீப்):

வணக்கம். மொரீஷியஸுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் மேற்பார்வையாளர் வருகிற சனிக்கிழமை ரிவியேர் நுவார் பக்கம் ஒரு ஷாஸேக்கு, அதாவது வேட்டைக் காட்டுக்கு, என்னையும் கூப்பிட்டிருக்கிறார். என்னிடம் துப்பாக்கியும் இல்லை, உரிமமும் இல்லை. மிராடோர் என்கிற வேட்டைப் பரணில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அப்புறம் மானைத் தூக்கவும் அறுக்கவும் கைகொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் இதே ஆட்கள் ஒரு தொடை கொடுத்தார்கள். பையைத் திறந்ததுமே புளித்த வாடை. மூன்று முறை கழுவி, மஞ்சள் போட்டு வேகவைத்தும் போகவில்லை. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் கொட்டினோம். ஒரு உயிரைக் கொன்று குப்பையில் போட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மான் கறியே இப்படித்தானா, இல்லை எங்கேயோ தவறு நடந்ததா? மிராடோரில் நான் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஊரில் அம்மாவிடம் சொன்னேன். "மானை அடிச்சா ஜெயில்ல போடுவாங்களேடா" என்று பயந்துவிட்டார்.

மஹேபூர் வாசி:

மான் கறி என்றால் வாடை இருக்கத்தான் செய்யும். ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப் போடுங்கள், சரியாகிவிடும்.

பழைய காவலர் (ஷாமரேல்):

தம்பி, வினிகரை விடுங்கள். கெட்டுப்போன கறியை வினிகர் நல்ல கறியாக்காது, வாடையை மூடி வைக்கும், அதுதான் ஆபத்து. 31 வருடம் ஷாஸேயில் காவலராக இருந்தேன். நன்றாக எடுத்த மான் கறியில் புல் வாசம்தான் லேசாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் இணைக்கு அலையும் கிழட்டுக் கலைமானில் மட்டும் கொஞ்சம் வீச்சம் உண்டு. புளித்த வாடை மானுடையது இல்லை. மனிதர்கள் செய்தது.

முதலில் அம்மாவுக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் 1972-ஆம் வருடச் சட்டம் மானைக் காக்கிறது, அது நியாயம், அங்கே அது மண்ணின் விலங்கு. இங்கே உள்ளது ஜாவா மான். டச்சுக்காரர்கள் 1639-இல் பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கப்பலில் கொண்டுவந்து விட்டது. அதைப் பிடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இந்தத் தீவில் கிடையாது. பெருகினால் நம் காட்டு மரங்களின் கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடும். அதனால்தான் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேட்டைப் பருவம்.

சரி, மிராடோர். ஏறும்போதும் இறங்கும்போதும் துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது. நீங்கள் சுடாவிட்டாலும், உங்கள் மேற்பார்வையாளர் குண்டை எடுத்துவிட்டாரா என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். அதே ஏணியில் நிற்கும் உங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. பக்கத்து மிராடோர்கள் எங்கே என்று உட்காரும் முன்பே கைகாட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மேட்டு விளிம்பில் வானத்தை ஒட்டி மான் நின்றால் சுடக் கூடாது, தவறும் குண்டைத் தடுக்கப் பின்னால் மண் இல்லை. ஆட்கள் புதருக்குள் புகுந்து மானை விரட்டும் 'விரட்டு' முடிந்து ஊதல் கேட்கும்வரை கீழே இறங்கவே கூடாது.

ஒன்று சொல்கிறேன், இதை நான் மறக்கவில்லை. சீனக்கொய்யாப் புதர் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை விரட்டு முடியும் நேரம். என் பக்கத்தில் இருந்த விருந்தாளி துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டார். நாற்பது அடியில் புதர் ஆடுகிறது, இலைக்கு நடுவே பழுப்பாக ஏதோ தெரிகிறது. அந்தப் பருவத்தில் கலைமான் கொம்பில் புல்லும் கிளையும் சுற்றிக்கொண்டு வரும், அதனால் புதர் ஆடுவதே கொம்பு மாதிரித் தெரியும். நான் குழலை மேலே தட்டிவிட்டேன். புதரிலிருந்து எழுந்தது எங்கள் விரட்டுக்காரப் பையன், காலில் முள் எடுக்கக் குனிந்திருந்தான். அவனுக்கு அன்று ஆரஞ்சுச் சட்டை கொடுக்கப்படவில்லை. பதினெட்டு வயது. அன்றிலிருந்து ஆரஞ்சுச் சட்டை இல்லாத ஒருவரையும் நான் புதருக்குள் விட்டதில்லை. மானின் முழு உடம்பும் தலையும், அதற்குப் பின்னால் உள்ள மண்ணும் தெரிந்தால்தான் விரல் விசைக்குப் போகலாம். உங்கள் மேற்பார்வையாளரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனிக் கறி. முன்காலுக்குப் பின்னால் நெஞ்சில் பட்டால் இதயமும் நுரையீரலும் போகும், கறி சுத்தமாக இருக்கும். ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், நூறு மீட்டருக்குள் விழுந்திருக்கும். கருஞ்சிவப்பாகப் பச்சைத் துணுக்கோடு இருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. விழுந்த மானை முதுகுப் பக்கமாக அணுகி, நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் உயிர் இருக்கிறது, தள்ளி நில்லுங்கள்.

உங்கள் தொடை எங்கே கெட்டது என்று எனக்குத் தெரியும், பார்க்காமலே சொல்வேன். அடித்த மான்களை வயிறு திறக்காமல் பிக்கப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, படம் எடுத்து, சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்திருப்பார்கள். மான் செத்தாலும் அதன் இரைப்பையில் புல் நொதித்துக்கொண்டேதான் இருக்கும். வெளியே தோல் கம்பளி மாதிரி. உள்ளே சூடு இறங்க வழியே இல்லை. நம் குளிர்காலத்திலும் கடற்கரைப் பக்கம் பகலில் 24, 25 டிகிரி போகும்.

அரை மணிக்குள் வயிற்றைத் திறந்துவிட வேண்டும். கையுறை போடுங்கள், இந்த ஊரில் எலிக்காய்ச்சல் உண்டு. கத்தியின் கூர் மேலே பார்க்கட்டும், இரண்டு விரலைத் தோலுக்கு அடியில் விட்டு நடுவில் கத்தியை ஓட்டுங்கள், குடலில் படாது. ஆசனவாயைச் சுற்றி அறுத்து நூலால் கட்டுங்கள். உணவுக்குழாயையும் கட்டிவிட்டே அறுக்க வேண்டும். மூத்திரப்பையை விரலால் இறுக்கிப் பிடித்து எடுங்கள். குடல் கிழிந்துவிட்டால் அந்த இடத்துக் கறியை வெட்டி எறியுங்கள், கழுவாதீர்கள். ஓடைத் தண்ணீர் அழுக்கை எல்லா இடத்துக்கும் பரப்பும். சுத்தமான துணியால் துடைத்தால் போதும். நெஞ்சுக்கூட்டில் ஒரு குச்சி வைத்து அகட்டி, நிழலில் தொங்கவிடுங்கள், காற்று உள்ளே போகட்டும். நுரையீரலிலோ நெறிக்கட்டியிலோ பாலாடைக்கட்டி மாதிரி கட்டிகள் இருந்தால் அந்த மானைத் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். நாய்க்கும் போடக் கூடாது.

குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குக் கறியை விட்டுவிடுங்கள். ஈயம் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறும், உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ரோஸ்ஹில் அத்தை:

காவலர் ஐயா சொன்னதுதான் சரி. மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் நுழையாத எங்கள் வீடுகளில் மான் கறிதான் விருந்து, அதனால் எனக்குக் கோபமே வருகிறது, நல்ல கறியை இப்படிக் கெடுக்கிறார்கள் என்று.

வீட்டுக்கு வந்த அன்றே ஃப்ரீசரில் போடாதீர்கள் தம்பி, ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், கம்பித் தட்டின் மேல், ரத்தம் கீழே வடியும்படி மூன்று நாள் வையுங்கள். அப்புறம் மேலே இருக்கிற வெள்ளைச் சவ்வை உரித்து எடுங்கள். பொறுமையான வேலை, நான் அரை மணி நேரம் உட்கார்ந்து செய்வேன். அந்தச் சவ்வு வேகவே வேகாது. மான் கறியில் கொழுப்பு இல்லை என்பதால் அடுப்பை அதிகமாக எரியவிட்டால் காய்ந்துவிடும். மசாலாவை ரோஷ் காரியில் (இந்த ஊர் அம்மி) அரைத்து, கறிவேப்பிலையைத் தாராளமாகப் போட்டு, மூடி வைத்துச் சிறு தீயில் இரண்டு மணி நேரம். ஃபராத்தா ரொட்டியோடு கொடுங்கள், பிள்ளைகள் கேட்டு வாங்குவார்கள்.

நெல்லைக்காரன்:

ஐயா, அத்தை, மிக்க நன்றி. அங்கே குளிர் அறை இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஐஸ் கொண்டுபோகலாமா?

பழைய காவலர்:

உதிரி ஐஸ் வேண்டாம், உருகிக் கறியை நனைக்கும். பெரிய பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து, நன்றாக மூடி, வயிற்றுக்கூட்டுக்குள் இரண்டு வையுங்கள். மான்களை அடுக்க விடாதீர்கள். குளிர் அறை 7 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

நெல்லைக்காரன் (ஞாயிறு இரவு):

நேற்றுப் போய் வந்தேன். முதலில் ஒரு கலைமான் மேட்டு விளிம்பில் வந்து நின்றது. பின்னால் வெறும் வானம். நான் மேற்பார்வையாளரின் கையைத் தொட்டேன், அவரும் துப்பாக்கியை இறக்கிவிட்டார். அது மெதுவாக நடந்து போய்விட்டது. பிறகு பள்ளத்தில் ஒரு பெண்மான், நெஞ்சில் ஒரே குண்டு. ஊதல் முடிந்து இருபது நிமிடத்தில் வயிற்றைத் திறந்தோம். எனக்குக் கை நடுங்கியது, ஆனால் இரைப்பை கிழியவில்லை. குளிர் அறையில் வைத்து இரண்டு மணி நேரம் கழித்துத் தொடையின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இறங்கியிருந்தது. முகர்ந்தேன். ஐயா சொன்ன புல் வாசம்தான்.

தொடை இப்போது ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வீட்டில் அசைவம் இல்லை, புதன்கிழமை சமைக்கிறோம்.