மறு: வேலை நடக்கும் பழைய கட்டடத்துக்கான காப்பீடு – ‘இருப்புக் கட்டடம்’ சரிவருமா?

அண்ணாவுக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம். நம் தமிழ்க் காப்பீட்டுக் கையேட்டுக்கான கலைச்சொல் பட்டியலைப் பற்றி அண்ணா கேட்டிருந்தார்:

> ‘கட்டுமானக் காப்பீடு’ என்று பொதுவாகப் போட்டுவிட்டால் போதாதா? படிப்பவர்களுக்குப் புரியாமலா போகும்?

புரியும் அண்ணா, தப்பாகப் புரியும். இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் கமிட்டி, மண்டபத்தை ஒட்டி அடுக்களை கட்டுகிறது என்று வையுங்கள். மண்டபம் 80 லட்சம் ராண்ட் பெறும், அடுக்களைக்கு ஆகும் செலவு 9 லட்சம். “கான்ட்ராக்டர் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கார்” என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். அவர் போட்டிருப்பது அந்த 9 லட்சத்துக்குத்தான். தனியாகக் கேட்டுச் சேர்த்தாலொழிய, மண்டபம் அந்தப் பாலிசிக்குள் வராது.

கூரை ஒழுகாமலிருக்கத் தார் ஷீட்டைக் கேஸ் டார்ச்சால் உருக்கி ஒட்டுகிறார்கள். ஓரத்து உத்தரத்தில் பொறி பட்டுப் புகைகிறது. ஆட்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் பற்றிக்கொள்கிறது. மண்டபத்துக்குக் கமிட்டி எடுத்த பாலிசி இருக்கிறதே என்றால், வேலை தொடங்கும் முன்பே அந்த நிறுவனத்துக்குச் சொன்னீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஆபத்து கூடியதை மறைத்தீர்கள் என்று கைவிரித்துவிடலாம். சரி, பிறருக்கு விளையும் சேதத்துக்காகக் கான்ட்ராக்டர் எடுத்த பொறுப்புக் காப்பீடு? அதற்கு அவருடைய அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும்; தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. இதெல்லாம் வெறும் கற்பனையும் இல்லை. 1989-ல் இங்கிலாந்தின் அப்பார்க் மாளிகை எரிந்தது, கூரையில் ஈயத்தகடு வேலை பார்த்தபோது கிளம்பிய தீயால். பழுதுபார்ப்பு முடியும் தறுவாயில்!

ஆகவே செய்யப்போகும் பணி, அந்தப் பணி நடக்கிற கட்டடம், பக்கத்து வீடு மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். முதலாவதற்குத் தகராறில்லை, ‘ஒப்பந்தப் பணிக் காப்பீடு’. இரண்டாவதில்தான் இழுபறி.

‘பழங்கட்டடம்’ வேண்டவே வேண்டாம். போன வருஷம் கட்டிய வீட்டின்மேல் இன்னொரு மாடி எழுப்பினாலும் இதே காப்பீடுதான். தவிர, இங்கே தென்னாப்பிரிக்காவில் 1999-ஆம் ஆண்டு மரபுவளச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, 60 வயது தாண்டிய கட்டடத்தை அனுமதிச்சீட்டு இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது. ‘பழங்கட்டடம்’ என்றதும் அந்த அனுமதி பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். ‘முன்கட்டு’ காதுக்கு இனிமைதான். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்து ஸ்தபதி அதை வீட்டின் முன்பகுதி என்று எடுத்துக்கொள்வார். கும்பாபிஷேகத் திருப்பணிக்கு ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும் அர்ச்சகர்களுக்கும்தானே இந்தத் தமிழ்க் கையேடு? கமிட்டிக்காரர்கள் ஆங்கிலத்திலேயே படித்துக்கொள்வார்கள்.

என் ஓட்டு ‘இருப்புக் கட்டடம்’. வேலை தொடங்கும் நாளில் என்ன இருந்ததோ அது. ‘இருப்புக் கட்டடக் காப்பீடு’ என்று நீட்டினாலும் நாக்கு தடுக்கவில்லை.

மூன்றாவதான பக்கத்து வீட்டைப் பற்றிச் சுருக்கமாக. டர்பன் மேடுபள்ளம் உங்களுக்குத் தெரியும். கராஜுக்காகச் சரிவை வெட்டுகிறோம், மேட்டிலிருக்கும் பக்கத்து வீட்டுச் சுவர் விரிகிறது. அடுத்தவர் நிலத்துக்கு நம் மண் கொடுக்கும் தாங்கலை எடுத்துவிட்டால், அலட்சியம் இல்லாவிட்டாலும் இந்த நாட்டுச் சட்டப்படி பொறுப்பு நம்முடையதே. ‘பக்கத்தாங்கல் காப்பீடு’ என்று வைத்திருக்கிறேன்.

கலவரச் சேதத்துக்குப் புதுச்சொல் எதற்கு? அதற்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனத்தின் பெயரால் ‘சஸ்ரியா’ என்றே எழுதலாம். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பெயர் தெரியாத கடைக்காரர் இங்கே இல்லை. பணிக்கும் கட்டடத்துக்கும் அது தனித்தனியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும்.

அன்புடன்,
டர்பன் தம்பி

———

தம்பிக்கு,

பக்கத்தாங்கல் பிரமாதம், அப்படியே போடு. ‘இருப்பு’ மட்டும் உறுத்துகிறது. நான் ஃபீனிக்ஸில் கடைக் கணக்கு எழுதியவன். ‘இருப்புக் கட்டடம்’ என்றால் சரக்கு அடுக்கும் குடோன்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. குடோனுக்கும் காப்பீடு உண்டே, குழம்பாதா?

‘உள்ள கட்டடம்’ என்று எளிதாக வைத்தால் என்ன?

அண்ணா

———

அண்ணா,

‘உள்ள’ வாக்கியத்துக்குள் கரைந்துபோகும். “சாட்ஸ்வொர்த்தில் உள்ள கட்டடம்” என்று எழுதினால் எது கலைச்சொல், எது சாதாரணப் பேச்சு? குடோன் குழப்பம் நியாயம்தான். ‘பணிமுன் கட்டடம்’ என்று மாற்றினால் ஒத்துக்கொள்வீர்களா? “பணிமுன் கட்டடமும் ஒப்பந்தப் பணியும் உரிமையாளர், ஒப்பந்ததாரர் இருவர் பெயரிலும் காப்பீடு செய்யப்படும்” என்று ஒரு ஷரத்தை எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. இருவர் பெயரும் இருந்தால், பணம் கொடுத்த நிறுவனம் பிறகு கான்ட்ராக்டர்மேல் வழக்குக்குப் போவதும் பெரும்பாலும் தவிரும்.

குழுவின் மொரிஷியஸ் அன்பர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

தம்பி