தாடை இறுகி வாய் பாதிக்கு மேல் திறக்காமல் போனவர்கள் இருக்கிறீர்களா?

செங்கை வாசி

மூன்று மாதம் ஆகிவிட்டது, அந்தக் காலை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பல் தேய்க்கப் போனேன், பிரஷ் கடைவாய்ப் பக்கம் நுழையவே இல்லை. பெரிய வலியும் இல்லை. கதவுக்குப் பின்னால் யாரோ ஸ்டூலை முட்டுக் கொடுத்து வைத்த மாதிரி, ஒரு அளவுக்கு மேல் தாடை இறங்க மறுத்தது. கண்ணாடியில் பார்த்தால் கீழ்த்தாடை இடது பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறது.

அதற்கு முன் ஒன்றரை வருடமாக இடது காதுக்கு முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். சப்பாத்தி மெல்லும்போது மகள் எதிரே உட்கார்ந்து எண்ணுவாள். அந்த வாரம் சத்தம் நின்றுவிட்டது. "சரியாயிடுச்சு" என்று வீட்டில் எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பல் மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. தாடை மூட்டுக்குள் மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. அது முன்னால் நழுவியிருந்தது. வாய் திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்பும், அப்போது வருவதுதான் அந்த 'டொக்'. சத்தம் நின்றதற்குக் காரணம், தட்டு திரும்பி வராமல் முன்னாலேயே மாட்டிக்கொண்டது.

ஸ்கேல் வைத்து அளந்தார், 26 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 40 வரையாவது திறக்க வேண்டுமாம். அவரவர் கையின் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் முன்பற்களுக்கு நடுவே போக வேண்டும். எனக்கு இரண்டு கூடச் சிரமம். இரவில் பல்லை நெறிக்கும் பழக்கம் இருந்ததால் தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள அளவெடுத்து ஒரு உறை செய்து கொடுத்தார். மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், மூன்று வாரம் குழைந்த சாதம். இப்போது 37. இதே மாதிரி யாருக்காவது வந்ததா?

நெடுஞ்சாலை 44

சகோதரி, உங்களுடையது மூட்டு. எனக்கு கன்னம்.

லாரி ஓட்டுகிறேன். தூக்கம் வராமல் இருக்கப் பொட்டலம் போடுவேன். 2013-ல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தபோது, புகையிலை வேண்டாம் என்று நானாகவே வெறும் பாக்குப் பொட்டலத்துக்கு மாறினேன். நல்ல பழக்கத்துக்கு மாறிவிட்டதாகவே நம்பினேன். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு.

முதலில் ரசம் எரிந்தது. மிளகாய் அதிகம் என்று மனைவியிடம் சண்டை போட்டேன். அவள் காரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள், எரிச்சல் குறையவில்லை. அப்புறம் ஒரு நாள் சேலத்தில் மகள் பானிபூரி கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். முதல் பூரியை "அப்பாவுக்கு" என்று என் வாய்க்கு நீட்டினாள். உள்ளே போகவில்லை. உதட்டில் இடித்து உடைந்து, தண்ணீர் எல்லாம் சட்டையில். அவள் சிரித்தாள், நான் விளையாட்டுக்குச் செய்கிறேன் என்று நினைத்து. இரண்டாவதையும் நீட்டினாள்.

கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தொட்டால் செருப்புத் தோல் மாதிரி இருக்கிறது என்றார் மருத்துவர். நார் நாராக ஓடுவது எனக்கே விரலில் தட்டுப்பட்டது. பாக்கை அன்றே விட்டேன். வாரம் ஒரு முறை கன்னத்துக்குள் ஊசி, பல வாரம். 22 மில்லிமீட்டரிலிருந்து 29 வந்தது, அதோடு நின்றுவிட்டது. பழையபடி ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டுகிறேன், புற்றாக மாறுகிறதா என்று பார்க்க.

காவிரிக்கரை

உங்கள் கஷ்டம் புரிகிறது அண்ணா, ஆனால் பாக்கின் மேல் மொத்தப் பழியையும் போடாதீர்கள். என் பாட்டி கும்பகோணத்தில் 84 வயது வரை வெற்றிலை பாக்கு போட்டார். கடைசி வரை முறுக்கு கடித்தார். அம்மாவும் முப்பது வருடமாகச் சாப்பாட்டுக்குப் பின் போடுகிறார். தாம்பூலம் இல்லாமல் நம் வீட்டில் ஒரு விசேஷம் உண்டா? பொட்டலத்தில் கலக்கும் ரசாயனம்தான் காரணமாக இருக்கும். கொட்டைப் பாக்கு செரிமானத்துக்கு நல்லது என்றுதான் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள்.

ஹவுஸ் சர்ஜன்

காவிரிக்கரை, இதைப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை.

பள்ளி முகாம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பையன். வாய் திறக்கச் சொன்னேன், பாதிதான் வந்தது. கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன். எங்கள் பேராசிரியர் அருகில் வந்து, "தம்பி, ஒரு விசில் அடி" என்றார். உதட்டைக் குவிக்கப் பார்த்தான். காற்று மட்டும் வந்தது. பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் விசில் அடித்துக் காட்டினார்கள். அவன் திரும்பத் திரும்ப முயற்சி செய்தான். ஏழாம் வகுப்பிலிருந்து பாக்குப் பொட்டலம். புகையிலை தொட்டதே இல்லை.

காரணம் பாக்குதான். அதிலிருக்கும் அரிகோலின், வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவை அதிகமாக உண்டாக்குகிறது. பாக்கில் செம்புச் சத்தும் அதிகம். அது அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியைத் தூண்டுவதால், சேர்ந்த நார் கரையாமல் தங்கிவிடுகிறது. கன்னம் கயிறு கட்டிய மாதிரி ஆவது அதனால்தான். 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. போடுகிற எல்லோருக்கும் வாய் இறுகுவதில்லை, உண்மை. உங்கள் பாட்டி தப்பினார். பொட்டலத்தில் காய்ந்த பாக்குத் தூள் செறிவாக இருக்கிறது, நாள் முழுக்க வாயில் ஊறுகிறது, அதனால் சீக்கிரம் வருகிறது. அதற்காகத் தாம்பூலத் தட்டில் இருக்கும் பாக்கு வேறு பொருள் ஆகிவிடாது.

உங்கள் அம்மாவுக்குக் காரம் எரிகிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அப்பாவின் மகள்

அப்பாவுக்குக் கன்னத்தில் புற்று, அறுவை முடிந்து 33 நாள் கதிர்வீச்சு. முடிந்த நாலாவது மாதம் பல்செட் உள்ளே போகவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்.

இங்கே எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். ஐஸ் குச்சி வாங்குங்கள், நூறு குச்சிக் கட்டு ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். முதலில் காதுக்கு முன்னாலும் கன்னத்திலும் வெதுவெதுப்பான துணியால் பத்து நிமிடம் ஒத்தடம். பிறகு சிரமமில்லாமல் எத்தனை குச்சி பற்களுக்கு இடையே போகிறதோ அத்தனையை அடுக்கி வையுங்கள். நடுவில் ஒரு குச்சியை மெதுவாகச் செருகுங்கள். இழுக்கும், ஆனால் கண்ணில் நீர் வரக் கூடாது. அப்படியே அரை நிமிடம். எடுத்துவிட்டு இளைப்பாறிப் பிறகு மறுபடி. ஒரு வேளைக்கு ஐந்து தடவை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஆடுகிற பல்லில் வைக்காதீர்கள், கடைவாய்ப் பக்கம் உறுதியான பல் பார்த்து வையுங்கள். எண்ணிக்கையைக் காலண்டரில் குறியுங்கள். ஒரு குச்சி சுமார் 2 மில்லிமீட்டர். அப்பா 9 குச்சியில் தொடங்கினார், ஏழு மாதத்தில் 15. மூன்று நாள் கல்யாணத்துக்குப் போய் விட்டுவிட்டோம், இரண்டு குச்சி குறைந்துவிட்டது. கதிர்வீச்சுப் பட்ட தசை, சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும், அதனால் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தாடை இறுகிய எல்லோரும் இன்றைக்கே தொடங்குங்கள், வலித்தாலும் விடாதீர்கள்.

கரூர் தம்பி

அக்கா, உங்கள் அப்பாவுக்கு அது சரி. 'எல்லோரும்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நாங்கள் அப்படித்தான் என் அண்ணனைக் கிட்டத்தட்ட இழந்தோம்.

கீழ்க் கடைவாயில் கடைசிப் பல் பாதி முளைத்து ஈறு வீங்கியது. வாய் ஒரு விரல்தான் திறந்தது. தசைப்பிடிப்பு என்று நினைத்து உப்பு ஒத்தடம் கொடுத்தோம், கரண்டிக் காம்பை விட்டு நெம்பப் பார்த்தோம். ஐந்தாவது நாள் காய்ச்சல். அன்றிரவு தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகை மாதிரி கெட்டியாகிவிட்டது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தான். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வாயிலிருந்து வழிகிற எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "துப்பேன்டா" என்றேன். விழுங்க முடியாமல்தான் வழிகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. சூடான சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது குரல்.

அவசரப் பிரிவில் அந்தத் துண்டைப் பார்த்ததும் ஓடி வந்தார்கள். கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள். வீக்கம் மூச்சுக்குழாயை அடைக்க இன்னும் சில மணி நேரம்தான் இருந்தது என்றார்கள். பல்லைப் பிடுங்கி, சீழ் வடிந்த பிறகு வாய் தானாகத் திறந்தது, குச்சியே தேவைப்படவில்லை.

காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் நெம்பாதீர்கள். எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

திருநெல்வேலி

எனக்குக் கீழ்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. மரத்துப்போகும் ஊசி போட்ட மறுநாள் ஒன்றரை விரல்தான் திறந்தது. ஊசி உள்தசையில் பட்டு ரத்தம் கட்டியிருக்கும் என்றார்கள். ஒத்தடமும் மெதுவான பயிற்சியும், பன்னிரண்டாம் நாள் சரி. அந்தப் பன்னிரண்டு நாளும் தண்ணியான கஞ்சி.

ஊரில் இதை 'வாய்ப்பூட்டு' என்று சொன்னதும் என் மாமனார் பதறிவிட்டார். அவர் சிறுவயதில் பக்கத்து வீட்டுக்காரர் காலில் துருப்பிடித்த ஆணி ஏறி, வாய் பூட்டிக்கொண்டு, பிறகு உடம்பே வில்லாக வளைந்து இறந்ததைப் பார்த்தவர். அது ரண ஜன்னி, டெட்டனஸ் என்பார்களே, அது. சமீபத்தில் காயம் பட்டிருந்து தாடை இறுகினால் பல் மருத்துவரிடம் போகாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

மகளுக்கு நான்கு வயது. மாமியார் வீட்டு வாசற்படியில் தடுக்கி, மோவாய் தரையில் அடிபட்டது. மூன்று தையல். டாக்டர் சாக்லேட் கொடுத்தார், அவளும் அழுகையை நிறுத்தினாள். பிரித்த பிறகு தழும்பு தெரியாமல் இருக்க எண்ணெய் தடவினேன்.

ஆறு வயதில் தோசையைப் பிய்த்துப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள். "ஒழுங்கா வாயைத் தொறந்து சாப்பிடு" என்று திட்டினேன். ஒரு நாள் கன்னத்தில் அறைந்தும் விட்டேன்.

பல் விழுந்த இடத்தைக் காட்டத்தான் மருத்துவரிடம் போனோம். அவர் வாயைப் பார்ப்பதற்கு முன் அவள் முகத்தை நிமிர்த்தி மோவாய்த் தழும்பைத் தொட்டார். "இது எப்போ?" மோவாயில் விழுந்த அடி காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு எலும்பை உடைத்திருக்கிறது. கவனிக்காமல் விட்டதில் அது மண்டை எலும்போடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 6 மில்லிமீட்டர் திறந்தது. தையல் போட்ட அன்று யாரும் அவளை வாய் திறக்கச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஒட்டிய எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்கினார்கள். வாய் திறக்காததால் மயக்கத்துக்கான குழாயை மூக்கு வழியாகக் கேமரா வைத்துத்தான் இறக்க முடிந்தது. அதற்குப் பிறகுதான் பெரும்பாடு. மறுபடி ஒட்டாமல் இருக்கத் தினமும் வாய் திறக்கும் பயிற்சி, வருடக்கணக்கில். அவள் அழுவாள், நான் பிடித்துக்கொள்வேன். இப்போது 31.

குழந்தை மோவாயில் அடிபட்டால், தையலோடு வந்துவிடாதீர்கள். தாடை மூட்டுக்கும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

செங்கை வாசி

அம்மா, அந்த அறையை நினைத்து வருந்தாதீர்கள். சத்தம் நின்றது என்று நானும் இனிப்பு வாங்கினேன்.

நெடுஞ்சாலை அண்ணா, 29-க்குப் பிறகு அறுவை பற்றி ஏதாவது சொன்னார்களா?

நெடுஞ்சாலை 44

சொன்னார்கள். நார்களை வெட்டிவிட்டுக் கன்னத்திலிருக்கும் கொழுப்பையே எடுத்து அந்த இடத்தை மூடுவார்களாம். 29-ல் சாப்பிட முடிகிறது என்பதால் இப்போதைக்கு வேண்டாம், குறைந்தால் பார்க்கலாம் என்றார்கள். குச்சிப் பயிற்சி எனக்கும் கொடுத்திருக்கிறார்கள், லாரியில் வைத்திருக்கிறேன்.

காவிரிக்கரை

நேற்று இரவு அம்மாவிடம் கேட்டேன். "ரசம் எரியுதா?" என்றதற்கு, இரண்டு வருடமாகவே காரம் போடுவதற்கு முன் தனக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வீட்டில் யாருக்கும் தெரியாது. விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு விரல் போனது, மூன்றாவதை வைக்க முயற்சி செய்துவிட்டு, "வயசாயிடுச்சுடா" என்றார்.

திங்கட்கிழமை சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போகிறேன். ஹவுஸ் சர்ஜன், எந்தப் பிரிவில் சீட்டு போட வேண்டும் என்று சொல்லுங்கள்.