மயக்க ஊசி போட்டும் முழிப்பு வந்தது

2009இல் நடந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து, செம்பனைக் காட்டு மண் ரோட்டில் என்னைப் பிரசவத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிப் போனார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்.

ஊசி போட்டதும் கண் சொருகியது. அப்புறம் திடீரென்று காது திறந்துகொண்டது. "சிக்கிட் லாகி, சிக்கிட் லாகி" (இன்னும் கொஞ்சம்) என்று மலாயில் ஒரு குரல். தட்டில் கத்தரி விழுந்த சத்தம். வயிற்றுக்குள் கைவிட்டு இழுக்கிறார்கள். கத்தப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. விரல் நுனிகூட அசையவில்லை. செத்துப்போனால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். மகள் அழுத பிறகுதான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்தது.

வார்டில் மிஸ்ஸியிடம் (நர்ஸ்) சொன்னேன். "கனவு கண்டிருப்பீங்க அக்கா" என்றார். மாமியார் காத்து கருப்பு என்று கயிறு மந்திரித்துக் கட்டினார். பத்து வருஷம் என்னால் மல்லாந்து படுக்க முடியவில்லை.

2019இல் பித்தப்பை ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தூங்க வைக்க ஒரு மருந்து, தசையைத் தளர்த்த இன்னொன்று. தூக்க மருந்து போதாமல் போய் மற்றது மட்டும் வேலை செய்தால் இப்படி ஆகும். நீங்க கண்டது கனவு இல்லம்மா" என்றார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கணக்கெடுத்து 2014இல் வெளியிட்டிருக்கிறார்களாம். மொத்தத்தில் சுமார் 19,000 மயக்கத்துக்கு ஒருவர் இப்படிச் சொல்லியிருக்கிறார். முழு மயக்கத்தில் சிசேரியன் என்றால் சுமார் 670க்கு ஒருவர். எனக்கு அந்தக் கணக்கைவிட "கனவு இல்லம்மா" என்ற வார்த்தைதான் பெரிது. இந்த முறை நெற்றியில் பட்டை ஒட்டி, மூளை எவ்வளவு உறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே செய்தார்கள். முழித்ததும் அவரே வந்து, "தூங்குமுன் கடைசியாக என்ன ஞாபகம்? முழித்ததும் முதலில் என்ன? நடுவில் ஏதாவது?" என்று கேட்டார். நடுவில் ஒன்றுமே இல்லை.

இதைப் படித்த ஒரு தம்பி எழுதியது:

அக்கா, கை நடுங்குகிறது. அப்பா ரப்பர் மரம் சீவியவர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தோம். முடிந்த அன்றே, "தொண்டையில் குழாய் இருக்கும்போதே முழிச்சிட்டேன்டா, மூச்சு இழுக்க முடியல, கையைத் தூக்க முடியல" என்றார். மயக்கம் தெளியவில்லை, பேசாமல் படுங்கப்பா என்று அதட்டினேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இன்று ராத்திரியே போன் போடுகிறேன். அந்த மூன்று கேள்வியையும் கேட்கப் போகிறேன்.