பரிசுத்த ஜீவியம் என்றால் ஊர்ப் பந்தலில் உட்காராமல் இருப்பதா?

கழிமுகவாசி (எண்ணூர்) எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் எண்ணூரில் பிறந்து வளர்ந்து, காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதி வருகிறவன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் பரவியபோது, என் மாமா தம் பைபர் படகை டீசல் துணியால் மூன்று நாள் தேய்த்தார். கறுப்பு ஓரளவு போயிற்று, வாடை போகவில்லை. அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, ஈரத்துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு குடும்பத்தோடு தெருவில் ஓடினோம்.

பிறகு ஊரார் எதிர்ப்புப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகளும் அவர்களோடு உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் என்னை ஓரமாக அழைத்து, உலகம் முழுவதும் பொல்லாங்கனுக்குள் கிடக்கிறது என்று வேதமே சொல்லியிருக்க, விசுவாசி வீட்டுப் பிள்ளை உலகத்தாரோடு சேர்ந்து கோஷம் போடுவது உலகத்தைவிட்டு வேறுபட்ட பரிசுத்த ஜீவியத்துக்கு அழகல்ல என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மூச்சுக்காற்றையே பிரித்து விட முடியாத ஊரில் எதை விட்டு வேறுபடச் சொல்கிறார்கள் என்று மகள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சபைக்கு வருவதைச் சிறிது சிறிதாகக் குறைத்தவள், இப்போது வருவதே இல்லை. பரிசுத்தத்தையும் நம்பிக்கையையும் இந்த ஊரில் வைத்து அவளுக்கு எப்படி விளக்குவது?

வேதபாட வாத்தியார் (தண்டையார்பேட்டை) எழுதியது:

தம்பி, மூப்பர் சொன்னதில் பாதி சரி. பரிசுத்தம் என்பதற்கான எபிரெயச் சொல்லில் வேறுபடுத்தி வைக்கப்பட்டது என்ற பொருள் உண்டு. ஆனால் ஆலயப் பாத்திரத்தை வேறுபடுத்தி வைத்தது பரண்மேல் போட்டுப் பூட்டுவதற்காக அல்ல, ஆராதனையில் எடுத்துப் பயன்படுத்துவதற்காகத்தான்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை மகளோடு உட்கார்ந்து நிதானமாக வாசியுங்கள். கர்த்தர் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று 2ஆம் வசனம் சொல்கிறது. அதன் பிறகு வருவதில் இவற்றைக் கவனியுங்கள். வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் அறுக்காமல் விடுவது, கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை நம்மிடம் வைத்துக்கொள்ளாமலிருப்பது, குருடனுக்கு முன் தடுக்கலை வைக்காமலிருப்பது, கடைசியாகத் தராசும் படிக்கல்லும் மரக்காலும் சரியாக இருப்பது. பரிசுத்தத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம் திரைப்படத்தையும் நகையையும் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். நிறையையும் அளவையும் பற்றிய 35ஆம் வசனத்துக்கு வருவதற்குள் காணிக்கைப் பை வந்துவிடுகிறது. (நானும் அப்படிப் பிரசங்கித்தவன்தான்.)

பக்கத்து வீட்டுக் குழந்தை மூச்சுத் திணறியதற்காகப் பந்தலில் உட்கார்ந்த பிள்ளை அந்த அதிகாரத்துக்கு உள்ளேதான் இருக்கிறாள். தராசைப் பற்றிய வசனமோ, நீங்கள் செய்யும் வேலையைப் பார்த்தால், அவளைவிட உங்களுக்கே நெருக்கமானது.

பழைய மாலுமி (இராயபுரம்) எழுதியது:

நாங்கள் கத்தோலிக்கர், ஆகவே முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உங்கள் வேதாகமத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று இருப்பது எங்கள் திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இருக்கிறது. நீங்கள் கேட்கும் நம்பிக்கை எங்களுக்கு எதிர்நோக்கு. எங்கள் திருச்சபை கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டு முழுவதும் எங்கள் பங்குக் கோவிலில் அந்தச் சொல்தான் ஒலித்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

எபிரேயர் நிருபம் 6ஆம் அதிகாரம் அதை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளிலும் ஆதிக் கிறிஸ்தவர்கள் நங்கூரத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகள் விசைப்படகில் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: நங்கூரம் போட்டால் அலை நிற்காது. படகு அலைக்கு முகம் காட்டி நிற்கும், பக்கவாட்டில் திரும்பிக் கவிழாது, அவ்வளவுதான். அதற்கும் ஆழத்தைப்போல ஐந்தாறு மடங்கு கயிறு விட வேண்டும். கயிற்றைக் கட்டையாகப் பிடித்தால் நங்கூரம் தரையைக் கவ்வாமல் இழுபடும். உங்கள் மகளுக்கும் கொஞ்சம் கயிறு விடுங்கள்.

புனிதத்தைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் எழுதிய மடலில், நம் அடுத்த வீட்டிலேயே இருக்கும் புனிதரைப் பற்றிப் பேசினார். அமோனியா கசிந்த அந்த இரவில் யாரோ உங்கள் கதவைத் தட்டி எழுப்பியிருப்பார்கள் அல்லவா? அவரை நினைத்துப் பாருங்கள்.

வியாசர்பாடி அக்கா எழுதியது:

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனாலும் மூப்பரை எதிராளியாக்கிவிட வேண்டாம். பந்தலுக்குக் கட்சிக்காரர்கள் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போவதை நாமும் பார்த்திருக்கிறோம். அந்தப் பயம் அவருக்கு இருந்தால் அது முழுக்கத் தவறல்ல. ஜெபத்தை விட்டுவிட்டுக் கோபத்தை மட்டும் சுமப்பவர் சீக்கிரம் களைத்துப்போகிறார் என்பதை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன்.

எரேமியா 32ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார், நகரம் விழும் என்று சொன்னவரும் அவரேதான். அந்த நிலையில் ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, அதை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். வீட்டை விற்றுவிட்டு வேறு பக்கம் போய்விடுங்கள் என்று எண்ணூர்க்காரர்களிடம் ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். போகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். இருந்து பத்திரத்தைப் பாதுகாப்பவரை ஏமாளி என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

கழிமுகவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு இவற்றை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கயிற்றைப் பற்றிய பகுதியில் சிரித்தாள். கதவைத் தட்டியவர் எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஆயா. அவருக்கே ஆஸ்துமா உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு மகள் லேவியராகமத்தைத் தானே எடுத்துப் படித்து, 35ஆம் வசனத்தில் விரலை வைத்து, அப்பா, உங்கள் இடத்தில் பெட்டியின் எடையைக் கழித்துத்தான் எழுதுகிறீர்களா என்று கேட்டாள்.

கழிப்பதில்லை. காலிப் பெட்டி ஏறக்குறைய இரண்டு கிலோ. சிறு வியாபாரம் செய்யும் பெண்கள் வாங்கும்போது அந்த இரண்டு கிலோவுக்கும் மீன் விலையே போடுகிறோம். பல ஆண்டுகளாக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். நாளை விடியற்காலை மூன்று மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். முதலாளியிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் இருந்தால் எழுதுங்கள்.