புதுப்பிப்பு: கொலஸ்ட்ரால் மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும், மூன்று மாதம் கழித்து

மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிற எனக்குக் கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின் 20 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டும் சேரலாமா என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

சேரலாம். டாக்டர் சொன்ன விளக்கம்: அடோர்வாஸ்டாடினைக் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி3ஏ4 என்ற நொதி. எஸ்சிட்டலோபிராம் அதைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. நெஃபசோடோன் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை அப்படியில்லை, அந்த நொதியை முடக்கிவிடும்; சிம்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையோடு அதைச் சேர்க்கவே கூடாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை நேர் எதிர்: அடோர்வாஸ்டாடினின் பலனைக் குறைத்துவிடும். போதாக்குறைக்கு எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்தால் மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனம் அளவுக்கு மீறி எகிறும் ஆபத்து வேறு. இயற்கைதானே என்று நான் வாங்கி வைத்திருந்த டப்பா குப்பைக்குப் போனது.

இரண்டாம் வாரம் மாடிப்படி ஏறும்போது தொடை இரண்டும் கடுத்தன. பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நிறுத்தப் பார்த்தேன். நல்லவேளை, முதலில் டாக்டருக்குப் போன் செய்தேன். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும் என்று திட்டு விழுந்தது (நியாயமான திட்டுதான்). தசை பாதிப்பைக் காட்டும் சிகே ரத்தப் பரிசோதனை இயல்பு. வலியும் மெல்ல அடங்கிவிட்டது. வலியோடு சிறுநீர் டீ நிறத்தில் போனால் காத்திராமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 168இலிருந்து 97க்கு இறங்கிவிட்டது. இரண்டு மாத்திரையும் தொடர்கின்றன.