ஞாயிற்றுக்கிழமை சுதா வீட்டுக்கு என்ன கொண்டுபோவது

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்
வெள்ளிக்கிழமை

வள்ளி: சுதாவை நேற்று டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். ரமணி அக்கா போன் செய்தாள். ராத்திரி சுதா நன்றாகத் தூங்கினாளாம். ஞாயிறு எல்லோருமாகப் பாளையங்கோட்டை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? வெறுங்கையோடு போக முடியாது. என்ன வாங்கலாம், சொல்லுங்கள்.

முருகன்: அல்வா ஒரு கிலோ. வேறென்ன.

கவிதா: மாமா, அல்வா வேண்டாம். சுதா அக்காவின் பைபோலாருக்கு, அதான் மனநிலை ரொம்ப ஏறி இறங்குகிற அந்த நோய்க்கு, லித்தியம் மாத்திரையோடு ஓலன்சபைன் மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஓலன்சபைனுக்குப் பசி அதிகமாகும், எடை கூடும், சர்க்கரையும் ஏறலாம். ஆளுக்கொரு டப்பா இனிப்பு போனால் ரமணி பெரியம்மா அதை அவள் கண்ணெதிரிலேயே பூட்டி வைக்க வேண்டிவரும். அது அவளுக்கு எப்படி இருக்கும்?

முருகன்: அரைக் கிலோ?

பாலா: மாமா

முருகன்: சரி சரி

ரமேஷ் துபாய்: நான் கனமான போர்வை ஒன்று ஆர்டர் போடட்டுமா? வெயிட்டட் பிளாங்கெட். பதற்றம் குறையும் என்று போட்டிருக்கிறார்கள்.

கவிதா: ரமேஷ் அண்ணே, அதில் விஷயம் இல்லாமல் இல்லை. 2020-ல் சுவீடன்காரர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனச்சோர்வு, பைபோலார், பதற்றம் என்று ஏதாவது ஒன்றோடு தூக்கமும் வராத 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உலோகச் சங்கிலி வைத்துத் தைத்த ஆறு, எட்டு கிலோப் போர்வையும் மறு பாதிக்கு லேசான போர்வையும் கொடுத்துப் பார்த்தார்கள். கனமான போர்வைக்காரர்களுக்குத் தூக்கம் நன்றாகவே கூடியது. ஆனால் அது சுவீடன் குளிர்.

பாலா: இங்கே கரண்ட் போனால் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருக்கிறோம்

ரமேஷ் துபாய்: ஆமாம்ல. கேன்சல்.

செல்வி: கடையில் வாங்குவானேன்? அத்தையின் சுங்குடிச் சேலை ஆறு என்னிடம் இருக்கிறது. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. நான் வெட்டி ஒட்டுப்போர்வை தைத்துத் தருகிறேன். மெல்லிசாக இருக்கும், வெயிலுக்கும் ஆகும். அரக்குச் சேலையின் முந்தியில் அத்தை சில்லறை முடிந்து முடிந்து விழுந்த சுருக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது, இஸ்திரி போட்டாலும் போகவில்லை.

வள்ளி: அம்மா சேலை ஆறா? என்னிடம் இரண்டுதான் இருக்கிறது என்றீர்களே மதினி.

செல்வி: நீ கேட்டது பட்டு வள்ளி.

முருகன்: ஆரம்பித்துவிட்டார்கள்

லட்சுமி: பரிசு இருக்கட்டும். உப்பில்லாப் பத்தியம் ஒரு மண்டலம் வைக்கச் சொல்லி ரமணியிடம் சொல்லியிருக்கிறேன். உடம்புச் சூடு தணிந்தாலே புத்தி தெளியும்.

கவிதா: பெரியம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை மட்டும் செய்யவே கூடாது. லித்தியமும் ஒரு வகை உப்புதான். சாப்பாட்டில் திடீரென்று உப்பைக் குறைத்தால் சிறுநீரகம் உடம்பில் இருக்கிற உப்பை இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் வெளியே விடாது. ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், கை பலமாக நடுங்கும், பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். உப்பும் தண்ணீரும் எப்போதும்போல இருக்கட்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பாலா, இன்றைக்கு வீட்டில் உப்பு போட்டார்களா இல்லையா?

பாலா: காலையில் சட்னியில் இல்லை. அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இரு

பாலா: சொல்லிவிட்டேன். சாம்பாரில் போட்டாயிற்று

கவிதா: டாக்டரிடமும் ஒரு வார்த்தை போன் செய்து சொல்லிவிடு.

லட்சுமி: நல்லதுக்குத்தான் சொன்னேன். பொன்னம்மா சித்தியை ஏர்வாடி தர்காப் பக்கம் மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த இடத்தில் கொண்டுபோய் விட்டபோது இப்படி எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்?

முருகன்: அக்கா அது இப்போது வேண்டாம்

லட்சுமி: ஏன் வேண்டாம்? பிள்ளைகளுக்குத் தெரியட்டும். கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் பின்கட்டில் வைத்து ஜன்னல் வழியாகத் தட்டைத் தள்ளினோம். சித்தி அவ்வளவு நெருக்கமாகப் பூக்கட்டுவாள், ஒரு முழத்தில் ஒரு பூ தொங்காது. கொஞ்சம் பிச்சியும் நாரும் கொடுங்கள் என்று கேட்டாள், அப்பா கொடுக்க விடவில்லை. 2001-ல் ஏர்வாடியில் தீப்பிடித்துச் சங்கிலியோடு 28 பேர் கருகியபோது சித்தி உயிரோடு இல்லை, ஆனாலும் அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

வள்ளி: இது எனக்குத் தெரியாதே அக்கா

லட்சுமி: நீ சின்னப் பிள்ளை.

கவிதா: பெரியம்மா, நீங்கள் இதைச் சொன்னது நல்லது. இப்போது 2017 மனநலச் சட்டப்படி யாரையும் எங்கேயும் சங்கிலியில் கட்டக் கூடாது. பூக்கட்டுவது பற்றிச் சொன்னீர்களே, அதைப் பெரிய டாக்டர்களே அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கிய இடம், அங்கே மனநல டாக்டர் சாரதா மேனன் அம்மா 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தார். உள்ளே இருப்பவர்கள் கையால் வேலை கற்றுக்கொள்ளத் தொழிற்கூடம் வந்தது அவர் காலத்தில்தான். அப்புறம் 1984-ல் மனநோய் உள்ளவர்களுக்காக ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார்

முருகன்: கவிதா, வேன் எத்தனை மணிக்கு?

கவிதா: முடித்துவிடுகிறேன் மாமா. நான் சொல்ல வருவது, நாம் செய்துகொண்டு போய்க் கொடுப்பது மட்டும் போதாது, அக்கா கையிலும் ஏதாவது வேலை இருக்க வேண்டும். நம்மிடம் வாங்கிக்கொண்டே இருக்கிற ஆளாக அவளை உட்கார வைத்துவிடக் கூடாது.

ரமேஷ் துபாய்: பிரியா கிராஸ் ஸ்டிச்சில் "விரைவில் நலம் பெறுக" என்று ஃபிரேம் போடுகிறாள். பாதி முடிந்துவிட்டது. அது ஓகேதானே?

கவிதா: அண்ணே, பிரியா மதினி வருத்தப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். பைபோலார் காய்ச்சல் மாதிரி வந்துவிட்டுப் போகிற சங்கதி இல்லை. நன்றாக இருக்கிற வருஷத்திலும் மாத்திரை உண்டு. சுவரில் அந்த எழுத்து தொங்கினால் தினமும் அது அவளை "சரியாகிவிட்டதா, சரியாகிவிட்டதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எழுத்தை எடுத்துவிட்டு வெறும் பூ, பறவை என்று போட்டால் அழகாக இருக்கும்.

ரமேஷ் துபாய்: "விரைவில்" மட்டும்தான் தைத்திருக்கிறாளாம். பிரித்துவிடுகிறாள்.

பாலா: ஒரு விஷயம். அக்காவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். போனை நேற்றே கையில் கொடுத்தாயிற்று

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

வள்ளி: யார் எதை நீக்கியது

முருகன்: ஒன்றுமில்லை. குட் மார்னிங் படம்.

சுதா: எல்லாம் படித்தேன். யாரும் எதையும் நீக்க வேண்டாம் மாமா. லட்சுமி பெரியம்மா, பொன்னம்மா பாட்டி பூக்கட்டுவார்கள் என்று இத்தனை வருஷத்தில் யாருமே எனக்குச் சொன்னதில்லை, அந்தப் பெயரே நம் வீட்டில் வராது, ஞாயிறு வந்து இன்னும் சொல்லுங்கள்.

சுதா: ஆச்சி சேலை வேண்டும். முந்தியை வெட்டாதீர்கள் அத்தை.

சுதா: ஆஸ்பத்திரியில் குரோஷா ஊசியை வாங்கி வைத்துவிட்டார்கள், வார்டில் நூல், ஊசி எதுவும் கூடாது, அது எனக்குப் புரிகிறது. பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா பழைய பத்திரிகைத் தாளில் கொக்கு மடித்து என் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், ஒன்றும் பேச மாட்டார்கள், நானும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்போது யார் வந்து என்ன பேசினாலும் எனக்குக் களைப்பாகத்தான் இருக்கும், அந்தக் கொக்கு மட்டும் பிடித்தது. இப்போது டாக்டர் ஊசி வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். லித்தியத்தால் கை நடுங்குகிறது, சின்ன ஊசியில் கண்ணி விட்டுப்போகிறது. தடிமனான கம்பளி நூலும் பெரிய ஊசியும் வாங்கி வாருங்கள். மஞ்சள் வேண்டாம்.

கவிதா: வாங்கி வருகிறேன் அக்கா. 8 மில்லிமீட்டர் ஊசி சரியாக இருக்கும். என்ன நிறம்?

சுதா: பச்சை. இல்லை, நீலம். அப்புறம் சொல்கிறேன்.

லட்சுமி: சுதா கண்ணு, பிச்சிப்பூவும் வாழை நாரும் கொண்டுவருகிறேன். சித்தி கட்டுகிற மாதிரி எனக்குக் கட்ட வராது. சேர்ந்து பார்ப்போம்.

சுதா: சரி பெரியம்மா. உப்பு போட்டுத்தான் சாப்பிடுவேன்.

லட்சுமி: போட்டுச் சாப்பிடு தாயி

ரமேஷ் துபாய்: நான் இங்கிருந்து என்ன செய்வது

சுதா: என் பழைய ஸ்வெட்டரை இன்னும் வைத்திருக்கிறாயா அண்ணே, கை நீளம் சரியில்லாமல் போட்டுத் தந்தது? போட்டோ அனுப்பு.

ரமேஷ் துபாய்: ஆபீசில் ஏசி அதிகம். போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். மடித்துவிட்டிருக்கிறேன்.

கவிதா: இன்னொன்று, எல்லோரும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அக்காவுக்கு மட்டும் இல்லை, ரமணி பெரியம்மாவும் கூப்பிடலாம், பாலாவும் கூப்பிடலாம். பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தாங்காமல் போகும்.

பாலா: ம்

செல்வி: ஞாயிற்றுக்குள் தலையணை உறை இரண்டு முடியும். போர்வைக்கு மாசம் ஆகும். முந்தியைத் தனியாக மடித்து வைத்துவிட்டேன் சுதா. கையால் தைத்தால் விரல் போய்விடும், மச்சில் இருக்கிற மிஷினை இறக்கிக் கொடுங்கள்.

வள்ளி: எந்த மிஷின்? அம்மா மிஷினா? அது எனக்கு என்று அம்மா சொன்னது முருகன் அண்ணனுக்குத் தெரியும்.

முருகன்: எனக்கு எதுவும் தெரியாது

லட்சுமி: எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் ஞாயிறு வாருங்கள்.

ரமேஷ் துபாய்: வேன் முடிவாயிற்றா இல்லையா

முருகன்: ஒன்பது மணிக்குக் கிளம்பலாம்

செல்வி: ஒன்பதுக்கு எப்படி? பத்து.

பாலா: காலையில் அக்காவுக்கு மாத்திரை அசதி இருக்கும், பத்துவரை தூங்குவாள். எல்லோரும் ஒரே நேரத்தில் வர வேண்டாம். நாலு மணிக்கு மேல் இரண்டு இரண்டு பேராக வந்தால் நல்லது

முருகன்: நாலு என்றால் மதியச் சாப்பாடு?

வள்ளி: நம் வீட்டில். யார் யார் என்று சொல்லுங்கள், அரிசி போட வேண்டும்.

செல்வி: மிஷினை யார் இறக்குவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.