1.8 லட்சம் ஆவணத்தில் 61,000 ஹிட்: தேடுசொல்லை எங்கே திருத்துவது?

உம்கேனி_கரை:
டர்பன் உயர் நீதிமன்றத்தில் ஒரு கடை வாடகை ஒப்பந்தத் தகராறு. ஏழு பேருடைய மெயில் பெட்டி, வாட்ஸ்அப் எக்ஸ்போர்ட், பழைய ஸ்கேன் பிடிஎஃப். டூப்ளிகேட் கழித்தபின் 1.8 லட்சம் ஆவணம். அட்டர்னி கொடுத்த 22 தேடுசொல்லை டிடிசர்ச் (ஆவணத் தேடல் மென்பொருள்) இண்டெக்ஸில் ஓட்டினால், இணைப்புகளோடு சேர்த்து 61,000 ஹிட், அதாவது தேடலில் சிக்கிய ஆவணம், வருகிறது. அதிலிருந்து குலுக்கி எடுத்த 500-ல் வழக்குக்கு ஆகிறது 40தான். வழக்குக்குத் தொடர்பான ஆவணங்களைப் பிரமாணத்தோடு வெளிப்படுத்தச் சொல்லி எதிர்த்தரப்பு விதி 35(1) நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது; கையில் 20 கோர்ட் நாள். குப்பையை எப்படிக் குறைப்பது? குறைக்கும்போது நல்லது நழுவவில்லை என்று, பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு எதைக் காட்டுவது?

சாட்ஸ்வர்த்_பட்டறை:
22 சொல்லையும் ஒரே மூட்டையாகப் பார்க்காதீர்கள். சொல்வாரி ரிப்போர்ட் எடுங்கள். அந்தச் சொல் எத்தனை ஆவணத்தில் இருக்கிறது, இணைப்போடு எத்தனை, வேறு எந்தச் சொல்லும் பிடிக்காமல் அந்த ஒரு சொல் மட்டும் பிடித்தது எத்தனை. மூன்றாவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. அந்தத் தனி ஹிட்டிலிருந்து சொல்லுக்கு 50 ஆவணம் குலுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு சொல்தான் பாதிக் குப்பையைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

வாடகை வழக்கு என்றதும் எனக்கு நட்சத்திரக் குறி (அந்த இடத்தில் எந்த எழுத்தும் வரலாம் என்பதற்கான குறி) மேல்தான் சந்தேகம். ஆங்கில 'லீஸ்' என்ற சொல்லைக் கடைசி எழுத்தை வெட்டி நட்சத்திரம் போட்டிருந்தால், 'அட் லீஸ்ட்' என்று எழுதிய மெயில் அத்தனையும் வந்து விழும். 'ரெண்ட்' சொல்லுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டால் கரண்ட், பேரண்ட், டிஃபரண்ட் எல்லாம் உள்ளே. வெட்டாமல் லீஸ், லீஸஸ், லெஸ்ஸர், லெஸ்ஸீ என்று வடிவங்களை 'ஆர்' போட்டு எழுதிவிடுங்கள், நீளமானாலும் சுத்தம். தனியாக நிற்கும் பொதுச்சொல்லுக்கு அருகமைத் தேடல் வையுங்கள்: கடை எண்ணுக்கு 15 சொல்லுக்குள் வாடகை, இப்படி.

அடுத்தது மெயில் அடிக்குறிப்பு. 'கான்ஃபிடென்ஷியல்', 'பிரிவிலேஜ்டு' என்று தேடினால் ஒவ்வொரு கம்பெனி மெயிலின் காலிலும் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை வாசகம் மாட்டும். உடனே அந்த வாசகத்தை 'நாட்' போட்டுக் கழிப்பார்கள். செய்யாதீர்கள். வெறும் 'நாட்' ஆவணத்தையே தள்ளிவிடும். அட்டர்னிக்குப் போன அசல் மெயிலிலும் அதே அடிக்குறிப்பு இருக்கிறதே. டிடிசர்ச்சில் 'நாட் டபிள்யூ/10' உண்டு: எச்சரிக்கை வாசகத்தின் அருகில் இல்லாத இடத்தில் அந்தச் சொல் வந்தால் மட்டும் எடுக்கும். பிரிவிலேஜ் ஆவணங்களை (வழக்கறிஞரோடு நடந்த, எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டாத கடிதங்கள்) எப்படியும் அட்டர்னி, அட்வகேட் மெயில் முகவரியை வைத்துத் தனியே பிரித்துவிடுவது நல்லது.

பீனிக்ஸ்_7:
குப்பையைப் பற்றியே பேசுகிறோம், வராததைப் பாருங்கள். நம் ஊர் டேட்டாவில் நழுவுகிற இடங்கள் இவை.

ஆஃப்ரிகான்ஸில் கூட்டுச்சொல் ஒட்டி எழுதப்படும். ஒப்பந்தம் என்பதற்கு 'ஊரீன்கோம்ஸ்' என்று தேடினால் வாடகை ஒப்பந்தமான 'ஹியூரூரீன்கோம்ஸ்' வராது. முன்னால் நட்சத்திரம் வேண்டும். தேடல் மெதுவாகும், பரவாயில்லை. ஜூலுவில் மாற்றம் சொல்லின் தலையிலும் வாலிலும் நடக்கும்: 'இசிவுமெல்வானோ' ஒப்பந்தம், 'எசிவுமெல்வானேனி' ஒப்பந்தத்தில். நடு வேர் 'வுமெல்வான்', இரு பக்கமும் நட்சத்திரம்.

பெயர்கள். பிள்ளை என்பது ஆங்கிலத்தில் 'ஏஒய்' என்றும் முடியும், 'ஏஐ' என்றும் முடியும். நாயுடு இரட்டை 'ஓ' போட்டும் வரும், 'யு' போட்டும் வரும். படையாச்சிக்கு எத்தனை எழுத்துக்கூட்டு என்று எண்ணிப் பார்த்தவர் கிடையாது. 1860-ல் ட்ரூரோ கப்பல் இந்தியத் தொழிலாளர்களை டர்பனுக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதெல்லாம் இன்றைக்குத் தேடுபெட்டிக்குத் தலைவலி. ஃபஸ்ஸி தேடலை (எழுத்து கொஞ்சம் மாறினாலும் பிடிப்பது) நம்பாதீர்கள், குறுகிய பெயருக்கு அது கண்டதையும் இழுத்துவரும். இண்டெக்ஸின் சொற்பட்டியலைத் திறந்து, அந்த எழுத்து வரிசையில் உண்மையில் இருக்கும் வடிவங்களைப் பொறுக்கி எடுங்கள்.

தொகை. பன்னிரண்டரை லட்சம் ரேண்டை ஒருவர் 1 250 000,00 என்பார், இன்னொருவர் 1,250,000.00, மூன்றாமவர் 1.25 'எம்'. இடைவெளி விட்டு எழுதியதை இண்டெக்ஸ் 1, 250, 000 என்று தனித்தனி சொல்லாக உடைத்திருக்கும். ஒவ்வொரு வடிவத்தையும் மேற்கோள் குறிக்குள் தனித்தனியே தேடுங்கள்.

தேதியும் அப்படித்தான். ப்ராசஸிங் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஓடியிருந்தால் மார்ச் 1 நள்ளிரவு 12:30-க்கு அனுப்பிய மெயில் பிப்ரவரியின் கடைசி நாள் 22:30 என்று நிற்கும், தேதி வடிகட்டி அதைத் தள்ளிவிடும். நம் ஊர் நேரமான யுடிசி+2 என்று அமைத்து மறுபடி ஓட்டுங்கள்.

ஸ்கேன் பிடிஎஃப்: எடுத்த எழுத்து 50-க்குக் கீழே உள்ள ஆவணங்களைத் தனியே வடிகட்டுங்கள். அதில் பாதிக்கு ஓசிஆரே (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது) ஓடியிருக்காது. முதல் பக்கத்தில் மட்டும் எழுத்து இருந்து மீதி படமாக நிற்கிற கோப்பு இந்த வடிகட்டியிலும் தப்பும். பக்கத்துக்கு எத்தனை எழுத்து என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

உம்கேனி_கரை:
'அட் லீஸ்ட்' சரியான அடி. அந்த ஒரு சொல்லும் அடிக்குறிப்பும் சேர்ந்துதான் ஊதியிருக்கின்றன. திருத்தியபின் 24,000. குலுக்கிப் பார்த்ததில் 15 சதவீதம் பொருந்துகிறது. இப்போது வெளியே கிடக்கும் 1,56,000-க்கு என்ன செய்ய?

மாரிட்ஸ்பர்க்_கணக்கு:
அதிலிருந்தும் குலுக்கி எடுங்கள், 1,500 போதும். ஹிட் எது, வெளியே கிடந்தது எது என்று படிப்பவருக்குத் தெரியக்கூடாது, கலந்து கொடுங்கள்.

1,500-ல் 12 பொருந்துகிறது என்று வையுங்கள். 0.8 சதவீதம், கேட்க நன்றாகத்தான் இருக்கும். 1,56,000-ல் அது 1,248 ஆவணம். உள்ளே இருப்பது 24,000-ல் 15 சதவீதம், 3,600. ஆக ரீகால் (பொருந்துகிற மொத்தத்தில் நம் தேடல் பிடித்த பங்கு) 3,600-ஐ 4,848 ஆல் வகுத்தால் 74 சதவீதம். நாலில் ஒன்று வெளியே! சாம்பிள் பிழையைச் சேர்த்தால் 62 முதல் 85 வரை எங்கேயும் இருக்கலாம். வெளியே கிடந்ததன் சதவீதத்தை மட்டும் அட்டர்னியிடம் சொன்னால் ஏமாந்துவிடுவார்.

அந்தப் 12-ஐ ஒவ்வொன்றாகத் திறந்து, ஏன் தப்பியது என்று எழுதுங்கள். அடுத்த சுற்றுத் தேடுசொல் அங்கேதான் இருக்கிறது. 1985-ல் பிளேர், மேரன் செய்த ஆய்வில் சுமார் 40,000 ஆவணத்தில் தேடிய வழக்கறிஞர்கள் 75 சதவீதம் கிடைத்துவிட்டதாக நம்பினார்கள். கிடைத்தது 20 சதவீதம் அளவுதான். காரணம் இதே: விபத்தை ஒருவர் 'விபத்து' என்பார், மற்றவர் 'அந்தச் சம்பவம்' என்பார்.

சாட்ஸ்வர்த்_பட்டறை:
நேரம் இருந்தால் 24,000-ஐ வரிசையாகப் படிக்காமல் ஆக்டிவ் லேர்னிங்கில் (நீங்கள் குறிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் மென்பொருள்) போடுங்கள், பொருந்துவது மேலே வரும். ஆனால் எண் மட்டும் உள்ள எக்ஸெல், படம், 'சரி அண்ணே' மாதிரி ஒற்றை வரி வாட்ஸ்அப் இவற்றில் அது குருடு. வாட்ஸ்அப்பை ஒரு நாள் உரையாடல் ஒரு ஆவணம் என்று வெட்டினால் கொஞ்சம் தேறும். குரல் செய்தி எந்தத் தேடலுக்கும் சிக்காது. எழுத்தாக்க வெளிநாட்டு சர்வருக்கு அனுப்புவதானால் முதலில் போபியா (தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) 72-ஆம் பிரிவைப் பாருங்கள்.

தேடுசொல்லின் ஒவ்வொரு பதிப்பையும் தேதி, ஹிட் எண், சாம்பிள் முடிவோடு ஒரு ஷீட்டில் வையுங்கள். இன்னும் ஆவணம் இருக்கிறது என்று எதிர்த்தரப்பிடமிருந்து 35(3) நோட்டீஸ் வந்தால் கையில் 10 நாள்தான், அப்போது எழுத உட்கார்ந்தால் ஆகாது.